பழைய கார் வானொலியில் புதிய ஒலிவழி

ஒரு காரின் எஞ்சினும் உடற்கூடும் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. ஆனால் அதன் டேஷ்போர்டில் பதிக்கப்பட்ட வானொலி எந்த ஒலி ஊடகத்தை நம்பி வடிவமைக்கப்பட்டதோ, அந்த ஊடகம் பல வேளைகளில் காருக்கு முன்பே வழக்கொழிந்துவிடுகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1960களின் இறுதியில் காருக்குள் நுழைந்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுவரை அங்கே நீடித்தது. 1980களின் நடுவில் வந்த குறுந்தட்டு அதனோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை வெளியிட்டபோதோ, ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைத்திருந்த ஒருவர் தம் காரில் ஏறியவுடன் அவற்றில் ஒன்றைக்கூட அந்தக் காரின் ஸ்பீக்கர்களில் கேட்க நேரடி வழியில்லாத நிலை உருவாயிற்று. பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆப்பிளுடன் சேர்ந்து ஐபாடுக்கான இணைப்பை அறிவித்தது 2004இல்தான். வெளிக் கருவி எதுவானாலும் அதன் ஒலியை ஏற்றுக்கொள்ளும் 3.5 மில்லிமீட்டர் துளை, அதாவது இன்று ஓட்டுநர்கள் எல்லோரும் ‘ஆக்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லும் துணை ஒலி உள்ளீடு, நடுத்தர விலைக் கார்களில் பரவலானது அதற்கும் பிறகே.

இந்த இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மின்னணு வேலையில் கைப்பழக்கம் உள்ள கார் உரிமையாளர்கள் பலர் அந்த உள்ளீட்டைத் தாமே செய்து பொருத்திக்கொண்டனர். வானொலியின் அலைவாங்கும் பிரிவும் கேசட் இயங்கும் முறையும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டுவிட்டதால், இப்பகுதி அவ்விரண்டும் வந்து சேரும் இடத்தையும், அந்த இடத்தில் மூன்றாவதாக ஓர் ஒலியைச் சேர்ப்பது எவ்வாறு என்பதையும் எடுத்துக்கொள்கிறது. கையால் செய்த இத்தகைய உள்ளீட்டை ஒட்டுவேலை என்று கருதும் வழக்கம் உண்டு; அக்கருத்து தவறானது. ஒழுங்காகச் செய்யப்பட்ட உள்ளீடு, தொழிற்சாலை பின்னாளில் எந்த இடத்தில் துளையைப் பொருத்தியதோ அதே இடத்தில், அதே அளவு மின்னழுத்தத்தில், அதே தரத்தில் ஒலியைச் செலுத்துகிறது. அந்த இடம் 1990களின் வானொலிகளிலேயே தயாராக இருந்தது. வெளியிலிருந்து அதற்கு ஒரு கம்பி மட்டுமே கொடுக்கப்படாமல் விடப்பட்டிருந்தது.

கார் வானொலி ஒன்றின் மூடியைத் திறந்து ஒலி செல்லும் பாதையைப் பின்தொடர்ந்தால், அது மூன்று கட்டங்களாகப் பிரிந்திருப்பது தெரியும். முதல் கட்டத்தில் ஒலியின் மூலங்கள் இருக்கின்றன: வானொலி அலைகளை வாங்கும் டியூனர், கேசட்டின் நாடாவைப் படிக்கும் காந்தத் தலை, சில வகைகளில் காரின் பின்பெட்டியில் வைக்கப்பட்ட குறுந்தட்டு மாற்றி. இரண்டாம் கட்டத்தில் இம்மூலங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒலியளவையும் கன, நுண் ஒலிகளின் அளவையும் திருத்தும் ஒரு சில்லு இருக்கிறது. எஸ்டி நிறுவனத்தின் டிடிஏ 7313, பிலிப்ஸ் நிறுவனத்தின் டிஇஏ 6320 ஆகியவை இவ்வேலைக்கென்றே உருவாக்கப்பட்ட ஒலிச்செயலிச் சில்லுகள். மூன்றாம் கட்டத்தில் ஸ்பீக்கர்களை அசைக்கும் ஆற்றலைத் தரும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் வெவ்வேறு கால்வாய்களின் நீர் ஒரே மட்டத்துக்கு வந்த பின்பே மதகு வழியாக வயலுக்குத் திறக்கப்படுவது போல, இங்கும் மூலங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மின்னழுத்த மட்டத்துக்கு, அதாவது சில நூறு மில்லிவோல்ட்டுக்கு உயர்த்தப்பட்ட பின்னரே இரண்டாம் கட்டத்துச் சில்லுக்குள் நுழைகின்றன. இந்த மட்டமே மின்னணுவியலில் ‘லைன் லெவல்’ எனப்படுகிறது. வீட்டு ஒலிக்கருவிகளில் அது ஏறத்தாழ 0.3 வோல்ட். ஐபாடின் அல்லது கைப்பேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 1 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம். ஒலியளவைச் சற்றுக் குறைத்தால் அது அதே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. டிடிஏ 7313 ஏறத்தாழ 2 வோல்ட் வரை ஒலி சிதையாமல் ஏற்கக்கூடியது. ஆகவே கைப்பேசியின் ஒலியைப் பெருக்கவோ பெரிய அளவில் குறைக்கவோ எந்தச் சுற்றும் தேவையில்லை. சரியான நுழைவிடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

தவறான நுழைவிடத்தைத் தேர்ந்தால் நேர்வது என்ன என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். அனுபவமில்லாத பலர் முதலில் எண்ணுவது, கைப்பேசியின் கம்பியை ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியோடு இணைத்துவிடலாம் என்பது. கைப்பேசியின் சிறு மின்னழுத்தத்தால் அந்த ஸ்பீக்கரைப் போதிய அளவு அசைக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, அங்கே பெரிய ஆபத்தும் இருக்கிறது. தற்காலக் கார் வானொலிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களால் எதிரெதிர்த் திசையில் இயக்கப்படுகின்றன. ‘பிரிட்ஜ்’ எனப்படும் இம்முறையில் இரண்டு முனைகளிலும் பேட்டரி மின்னழுத்தத்தின் பாதி, அதாவது 6 அல்லது 7 வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் நிற்கும், இரண்டில் எதுவும் எர்த் அல்ல. அங்கே இணைக்கப்பட்ட கைப்பேசியின் ஒலிச்சுற்று அந்த நேர்மின்சாரத்தைத் தாங்குமாறு செய்யப்படவில்லை. மற்றொரு தவறு, கேசட்டின் காந்தத் தலையிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளில் ஒலியைச் செலுத்துவது. அத்தலையிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தம் என்பதால், அதை வாங்கும் முன்பெருக்கி பல நூறு மடங்கு பெருக்குவதோடு, நாடாவின் இயல்பை ஈடுசெய்வதற்காகக் கன ஒலிகளை மிகுதியாகவும் நுண் ஒலிகளைக் குறைவாகவும் பெருக்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஈடுசெய்தலை ‘ஈக்வலைசேஷன்’ என்பர். கைப்பேசியின் ஒலி அங்கே நுழைந்தால் முன்பெருக்கி அளவுமீறி நிரம்பிக் கரகரக்கும். ஒலியைப் பல மடங்கு குறைத்து அனுப்பினாலும் கன ஒலி மட்டுமே மேலோங்கிய, மூக்கடைத்த பாட்டுத்தான் கிடைக்கும்.

கம்பி ஏதும் இணைக்காமலே ஒலியைக் கொண்டுசேர்க்கும் இரண்டு சுற்றுவழிகள் கடைகளில் கிடைத்தன. அமெரிக்க மின்னணுப் பொறியாளர் லாரி ஷாட்ஸ் 1980களில் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற கேசட் வடிவ இணைப்பி அவற்றுள் ஒன்று. கேசட்டைப் போன்ற அந்த ஓட்டுக்குள் ஒரு சிறு காந்தத் தலை பொருத்தப்பட்டிருக்க, அது வானொலியின் தலையை எதிர்நோக்கி நின்று, நாடா தர வேண்டிய காந்தப்புல மாற்றங்களைத் தானே தருகிறது. எளிமையும் அறிவுக்கூர்மையும் ஒருங்கே அமைந்த கண்டுபிடிப்பு அது. எனினும் இரு தலைகளும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் நிற்காவிட்டால் நுண் ஒலிகள் மங்கும், உள்ளே சுழலும் பற்சக்கரங்களின் ஓசையும் பாட்டோடு கேட்கும். மற்றொன்று எஃப்எம் பரப்பி. கைப்பேசியின் ஒலியை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி வரிசையில் ஓரிடத்தில் சிறு நிலையமாக ஒலிபரப்பி, அதைக் காரின் டியூனர் வாங்கிக்கொள்ளச் செய்வது. ஐரோப்பிய விதிகள் இத்தகைய பரப்பிகளுக்கு அனுமதிக்கும் ஆற்றல் 50 நானோவாட். ஒரு வாட்டின் இருபது மில்லியனில் ஒரு பங்கு. பெருநகரங்களில் வானொலி வரிசை முழுவதும் உண்மையான நிலையங்களால் நிறைந்திருப்பதால், நூறு கிலோமீட்டர் பயணத்துக்குள் அந்தச் சிறு குரல் பலமுறை பெரிய நிலையங்களால் மூழ்கடிக்கப்பட்டது. எஃப்எம் ஒலிபரப்பு தன் அமைப்பாலேயே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தவிர்த்துவிடுவதும் இதன் குறை.

நேரடி இணைப்புக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக 1997இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரையும், அதில் வந்த காமா வகை வானொலியையும் கொள்ளலாம். கேசட் இயங்கும் அந்த வானொலியின் முதுகில், ஐஎஸ்ஓ 10487 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, மின்சாரத்துக்கும் ஸ்பீக்கர்களுக்குமான பெரிய இணைப்பிகளுக்கு அருகில் மூன்று சிறு அறைகள் கொண்ட ஓர் இணைப்பி இருக்கிறது. மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறத்தால் பிரிக்கப்பட்ட இவ்வறைகளில் நீல அறையாகிய சி3, குறுந்தட்டு மாற்றிக்கு உரியது. ஆறு தட்டுகள் கொண்ட அந்த மாற்றி விருப்பக் கூடுதலாக விற்கப்பட்டதால், பெரும்பாலான கார்களில் நீல அறை வெறுமையாகவே இருந்தது. அதில் 13 முதல் 20 வரை எண்ணிடப்பட்ட எட்டு ஊசிகளில் 18 ஒலிக்குரிய எர்த், 19 இடப்பக்க ஒலி, 20 வலப்பக்க ஒலி. எஞ்சியவை மாற்றிக்கு மின்சாரம் தருவதற்கும் வானொலியும் மாற்றியும் செய்தி பரிமாறிக்கொள்வதற்கும் ஆனவை. 18, 19, 20 ஆகிய மூன்று ஊசிகளும் நேரே மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் சில்லின் ஒரு நுழைவாயிலுக்குச் செல்வதால், லைன் லெவல் உள்ளீடு தொழிற்சாலையிலேயே செய்து முடிக்கப்பட்டு அங்கே காத்திருக்கிறது என்றே சொல்லலாம்.

அதைத் திறப்பதில்தான் சிக்கல். முன்பலகையில் உள்ள ‘சிடி’ பொத்தானை அழுத்தியவுடன் வானொலிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, பின்பெட்டியில் மாற்றி இருக்கிறதா என்று பார்க்கிறது. மாற்றியிடமிருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டிய நிலைச்செய்திகள் வராவிட்டால் மாற்றி இல்லை என்று முடிவு செய்து, அந்த நுழைவாயிலைத் திறக்க மறுத்துவிடுகிறது. தட்டு எண், பாட்டு எண், ஓடிய நேரம் ஆகியவை அடங்கிய அச்செய்திகளை ஆராய்ந்து புரிந்துகொண்ட ஆர்வலர்கள், விலை குறைந்த ஒரு நுண்கட்டுப்படுத்தியில் நிரல் எழுதி, மாற்றி பேசுவதைப் போலவே அதைப் பேசச் செய்தனர். நுண்கட்டுப்படுத்தி என்பது கணிப்பு, நினைவகம், உள்ளீடு, வெளியீடு அனைத்தும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி. அது ‘முதல் தட்டு, முதல் பாட்டு ஓடுகிறது’ என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்க, வானொலி அதை நம்பி வாயிலைத் திறக்கிறது. 19, 20 ஊசிகளில் கைப்பேசியின் ஒலி நுழைகிறது. நிறுவனம் வெளியிடாத ஒரு செய்திமுறையை, விடுமுறை நேரத்தில் பொறுமையாக அலைவடிவங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தறிந்து, கண்டதைப் பிறருக்கும் இலவசமாகக் கொடுத்த அந்த உழைப்பு, கார் மின்னணுவியலின் வரலாற்றில் நிறுவனங்களின் சாதனைகளுக்கு இணையாக வைத்துப் பேசப்பட வேண்டியது.

மாற்றி ஏற்கெனவே பொருத்தப்பட்ட கார்களுக்கு நிரல் எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய எளிய வழி ஒன்றும் உண்டு. ஒலி ஏதும் இல்லாத, முழு நேரமும் மௌனமாக ஓடும் ஒரு குறுந்தட்டைப் பதிவுசெய்து மாற்றிக்குள் வைத்துவிட்டால், மாற்றி உண்மையாகவே ஓடுவதால் வானொலி ஐயமின்றி வாயிலைத் திறக்கும். மாற்றியிலிருந்து வரும் ஒலிக்கம்பிகளை நடுவில் வெட்டிக் கைப்பேசியின் ஒலியை அங்கே சேர்த்தால் போதும். இங்கே பலர் இடறிய நுட்பம் ஒன்று இருக்கிறது. கம்பிகளை வெட்டாமல், மாற்றியின் ஒலிக்கம்பியோடு கைப்பேசியின் கம்பியை அப்படியே முறுக்கிச் சேர்த்தவர்களுக்கு ஒலி மிகக் குறைவாகவோ, கேட்காமலோ போயிற்று. தொடர்ந்து மௌனம் வந்தால் வெளியீட்டை எர்த்தோடு சேர்த்து அடைத்துவிடும் டிரான்சிஸ்டர்கள் பல குறுந்தட்டுக் கருவிகளில் இருக்கின்றன. பாட்டுகளுக்கு நடுவில் மெல்லிய இரைச்சல் கேட்காதிருக்கச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. கம்பிகள் சேர்ந்திருக்கும்போது அந்த டிரான்சிஸ்டர் கைப்பேசியின் ஒலியையும் சேர்த்து எர்த்துக்கு இழுத்துவிடுகிறது. அடைப்பு இல்லாத கருவிகளிலும், இரண்டு வெளியீடுகளை நேரடியாக இணைப்பது ஒன்றின் ஆற்றலை மற்றொன்று விழுங்குவதில்தான் முடியும்.

இதற்குத் தீர்வாக அமைவது சுவிட்ச் உள்ள ஜாக் சாக்கெட். சாதாரண 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டில் இடப்பக்க ஒலிக்கு நுனி, வலப்பக்கத்துக்கு வளையம், எர்த்துக்கு அடிப்பகுதி என்று மூன்று தொடர்புகளே இருக்கும். சுவிட்ச் உள்ளதில் கூடுதலாக இரண்டு தொடர்புகள் இருந்து, ஊசி நுழையாத நிலையில் அவை நுனி, வளையம் ஆகியவற்றின் தொடர்புகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். மாற்றியிலிருந்து வரும் கம்பிகளை இக்கூடுதல் தொடர்புகளிலும், வானொலிக்குப் போகும் கம்பிகளை முதன்மைத் தொடர்புகளிலும் பற்றவைத்தால், சாக்கெட் வெறுமையாக இருக்கும்போது மாற்றியின் ஒலி வழக்கம்போல் வானொலிக்குச் செல்லும்; கைப்பேசியின் ஊசி நுழைந்தவுடன் அது தகட்டைத் தள்ளி மாற்றியைத் துண்டித்துவிட்டுத் தன் ஒலியை உள்ளே விடும். காரின் பழைய வசதி எதையும் இழக்காமல் புதியதைச் சேர்ப்பதால் இந்தச் சிறு பொருள் முழு வேலையிலும் மிகுந்த மதிப்புடையது.

குறுந்தட்டு மாற்றிக்கு வழியே இல்லாத, கேசட் மட்டும் உள்ள வானொலியில் வேலை இன்னும் ஆழமாகச் செல்கிறது. மூடியைத் திறந்து, தேர்வுச் சில்லின் மேல் அச்சிடப்பட்ட எண்ணைப் படித்து, அதன் உற்பத்தியாளர் வெளியிட்ட தரவுத்தாளைப் பெற்று, எந்த ஊசிகளில் கேசட்டின் ஒலி நுழைகிறது என்று காண வேண்டும். அந்த ஊசிகளுக்கும் கேசட் முன்பெருக்கிக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு மின்தேக்கி, கடைத்தெருவில் கண்டென்சர் எனப்படுவது, கட்டாயம் இருக்கும். அதன் முன்பெருக்கிப் பக்கக் காலைப் பலகையிலிருந்து விடுவித்து, மேற்சொன்ன சுவிட்ச் சாக்கெட்டை அந்த இடைவெளியில் பொருத்தினால் போதும். வானொலி கேசட் நிலையில் இருந்தால்தான் இந்த வாயில் திறந்திருக்கும் என்பதால், உள்ளே ஒரு கேசட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சுருளின் சுழற்சி நின்றால் நாடா முடிந்துவிட்டதாகக் கருதிக் கேசட்டைத் திருப்பும் அல்லது வெளியே தள்ளும் உணரி பல டெக்குகளில் இருப்பதால், நாடா நீக்கப்பட்டுச் சுருள் அச்சுகள் மட்டும் தடையின்றிச் சுழலும் வெற்றுக் கேசட்டை ஆர்வலர்கள் இதற்குப் பயன்படுத்தினர். நாடா உரசாததால் தலையும் தேய்வதில்லை.

அங்கே மின்தேக்கி ஏன் கட்டாயம் இருக்கிறது என்பதைத் தனியாக விளக்குவது நல்லது. வீட்டில் செய்த உள்ளீடுகள் பல பழுதானதற்கும் கன ஒலி குன்றியதற்கும் இதை அறியாததே காரணம். 9 வோல்ட்டில் இயங்கும் தேர்வுச் சில்லு, மேலும் கீழும் அலையும் ஒலி அலையை ஒற்றை மின்சாரத்தில் கையாள வேண்டியிருப்பதால், தன் நுழைவாயில்களைப் பாதி மின்னழுத்தமாகிய ஏறத்தாழ 4.5 வோல்ட்டில் நிறுத்திவைக்கிறது. கைப்பேசியின் வெளியீடோ 0 வோல்ட்டை மையமாகக் கொண்டது. இரண்டையும் நேராக இணைத்தால் சில்லின் சமநிலை குலைந்து ஒலி சிதையும், கைப்பேசிக்கும் நேர்மின்சாரம் பாயும். மாறும் மின்னழுத்தத்தை மட்டும் கடக்கவிட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்கும் மின்தேக்கி நடுவில் நின்றால் இச்சிக்கல் எழாது. ஆனால் அதன் அளவு முக்கியம். மின்தேக்கியும் அதற்குப் பின்னுள்ள மின்தடையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டியாகின்றன. அந்த எல்லை, ஒன்றை 2π, மின்தடை, மின்தேக்கம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. நுழைவாயிலின் மின்தடை 10 கிலோ ஓம் என்றும், கையில் கிடைத்த மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட் என்றும் கொண்டால் எல்லை 159 ஹெர்ட்ஸாகி, மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் பாஸ் கிட்டாரும் மெலிந்துபோகும். 1 மைக்ரோஃபாரட் வைத்தால் அது 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, மனிதச் செவியின் கீழ் எல்லைக்கும் கீழே சென்றுவிடும். சில்லின் நுழைவாயில் 50 கிலோ ஓம் என்றால் எல்லை 3 ஹெர்ட்ஸை ஒட்டியது. எனவே பக்கத்துக்கு ஒன்றாக 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான மின்தேக்கிகள் போதுமானவை. துருவம் உள்ள வகையாயின் நேர்முனை சில்லின் பக்கம் இருக்க வேண்டும், ஏனெனில் 4.5 வோல்ட் நிற்பது அங்கேதான்.

இத்தனையும் சரியாகச் செய்து முடித்து, எஞ்சினை இயக்கியவுடன் ஸ்பீக்கர்களில் ஓர் ஊளை எழுந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த அதன் சுருதி ஏறுவது இவ்வேலையில் மிகப் பரவலாகக் காணப்படும் தொல்லை. அதன் காரணத்தைக் கணக்காலேயே காட்டலாம். கார் எஞ்சினோடு சுழன்று பேட்டரிக்கு மின்சாரமூட்டும் ஆல்டர்னேட்டர், அதாவது பட்டறைகளில் இன்றும் டைனமோ என்றே அழைக்கப்படுவது, மூன்று கட்ட மாறுமின்சாரத்தை உண்டாக்கி, ஆறு டையோடுகளால் அதை நேர்மின்சாரமாக்குகிறது. அவ்வாறு திருத்தப்பட்ட மின்சாரம் ஒவ்வொரு சுற்றலைக்கும் ஆறு சிறு மேடுகளோடு வருகிறது. ஆறு துருவ இணைகள் கொண்ட வழக்கமான ஆல்டர்னேட்டர் ஒரு முறை சுழலும்போது 36 மேடுகள் உண்டாகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓய்வாக ஓடும்போது, பெல்ட் விகிதம் 2.5 என்றால், ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்றும், நொடிக்கு ஏறத்தாழ 1200 மேடுகளும் ஆகின்றன. எஞ்சின் 3000 சுற்றுக்கு ஏறினால் அது 4500 ஹெர்ட்ஸ். மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதிக்குள் இந்த எண்கள் விழுவதால்தான் சிறிய ஊளையும் பெரிதாகக் கேட்கிறது.

ஆனால் மேடுகள் மின்சாரத்தில் இருப்பது மட்டுமே ஊளைக்குப் போதிய காரணமாகாது. வானொலி அவற்றை நன்றாகவே வடிகட்டுகிறது. கைப்பேசி தன் பேட்டரியிலேயே ஓடும்போது ஊளை இல்லை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகியவுடன் எழுகிறது என்பதே உண்மைக் காரணத்தைக் காட்டுகிறது. காரில் எல்லாக் கருவிகளின் எதிர்மின் இணைப்பும் உடற்கூட்டின் இரும்புத் தகடே. பாடி எர்த் எனப்படுவது அதுதான். அத்தகடும் அதன் இணைப்புகளும் முற்றிலும் தடையற்றவை அல்ல: ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே 0.005 ஓம் தடை இருந்து, விளக்கு, விசிறி, ஏசி ஆகியவற்றின் 20 ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே திரும்பினால், அவ்விரு இடங்களுக்கும் நடுவில் 0.1 வோல்ட் வேறுபாடு பிறக்கிறது. சார்ஜரின் எர்த் ஓரிடத்திலும் வானொலியின் எர்த் வேறோரிடத்திலும் உடற்கூட்டைத் தொடும்போது, அவ்வேறுபாடு கைப்பேசியின் வழியாக ஒலிக்கம்பியின் எர்த்தில் மின்னோட்டமாகப் பாய்கிறது. அதில் ஒரு பகுதி 0.3 வோல்ட் பாட்டோடு கலந்து ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்துவிடுகிறது. ‘கிரவுண்ட் லூப்’, அதாவது எர்த் வளையம் என்று இதற்குப் பெயர். வளையத்தை ஓரிடத்தில் அறுப்பதே மருந்து. வெளியீட்டு எர்த் உள்ளீட்டு எர்த்தோடு தொடர்பில்லாத, தனிமைப்படுத்தப்பட்ட வகைச் சார்ஜரைப் பயன்படுத்துவது ஒலிக்குச் சிறிதும் கேடு செய்யாத வழி. ஒலிக்கம்பியில் ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள 600 ஓம் ஒலி மின்மாற்றிகள் இரண்டைச் செருகுவது மலிவான வழி. ஒலி காந்தப்புலமாகக் கடந்துசெல்ல, எர்த் மட்டும் கடக்க முடியாமல் நிற்கும். ஆயினும் கடலை அளவுள்ள மின்மாற்றிகள் கன ஒலியில் நிரம்பிச் சிதைவதால், அவற்றை வாங்கும்போது விலையில் சிக்கனம் பார்க்காதிருப்பது நல்லது.

பொருத்தும் வேலைக்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது முதல் கடமை. அதற்கும் முன் ஒன்று உண்டு: திருட்டைத் தடுக்க, மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின் நான்கு இலக்க இரகசிய எண்ணைக் கேட்குமாறு அக்கால வானொலிகள் பல செய்யப்பட்டிருந்தன, காமா வானொலி ‘சேஃப்’ என்று காட்டி நிற்கும், இரண்டு முறை தவறான எண்ணைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். எனவே காரோடு வந்த ஏட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்த பின்பே பேட்டரியைத் தொட வேண்டும். முகப்பின் பிளவுகளில் செருகும் தட்டையான உலோகச் சாவிகள் இரண்டு, வானொலியைக் கூட்டிலிருந்து வெளியே இழுக்கத் தேவைப்படும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற இணைப்பியோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது காற்றுப்பைக்கு உரியது. அதை எக்காரணம் கொண்டும் கழற்றவோ, மல்டிமீட்டரால் அளக்கவோ கூடாது.

சாக்கெட்டுக்கு ஏற்ற இடம் சாம்பல் கிண்ணத்தின் உட்புறம், கையுறைப் பெட்டி, அல்லது பயன்படாத சுவிட்சுக்காக விடப்பட்ட மூடித்தகடு. 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போதும். துளையிடுவது பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். சாக்கெட்டின் வெளி உலோகம் ஒலியின் எர்த்தோடு இணைந்தது என்பதால், அதை இரும்புத் தகட்டில் பொருத்தினால் மேலே விளக்கிய எர்த் வளையம் நம் கையாலேயே உருவாகிவிடும். இரண்டு உட்கம்பிகளும் வலைப்பின்னல் உறையும் கொண்ட ஷீல்டு கம்பியைப் பயன்படுத்தி, உறையைச் சாக்கெட்டின் எர்த்திலும் வானொலியின் 18ஆம் ஊசியிலும் மட்டும் இணைத்து, நடுவில் எங்கும் உடற்கூட்டைத் தொடாமல் காத்து, மின்சாரக் கம்பிகளோடு இணையாக ஓடாதவாறு, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்குமாறு இழுத்துச் செல்ல வேண்டும். ஸ்டீயரிங் தண்டு, பெடல், கியர் கம்பி ஆகியவற்றின் அசைவில் சிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு கையால் தொட முடியாத அளவு சூடேறுவதால், பசை நாடாவால் சுற்றிய இணைப்புகள் ஒரு கோடையில் பிசுபிசுத்து அவிழும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடிய இணைப்பே நிலைக்கும்.

கூட்டுக்குள் வானொலியைத் திருப்பிச் செருகும் முன், அதை வெளியே வைத்தபடியே சோதித்துக்கொள்வது வீண் உழைப்பைத் தவிர்க்கும். மின்சாரம் கொடுத்து, கைப்பேசியைச் செருகாமல், சாக்கெட்டின் நுனியிலும் வளையத்திலும் எர்த்தைக் குறித்து மல்டிமீட்டரால் அளந்தால் நேர்மின்சாரம் பூஜ்யமாக இருக்க வேண்டும், 4.5 வோல்ட் தெரிந்தால் மின்தேக்கி விடுபட்டிருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது. பிறகு கைப்பேசியின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, வானொலி நிலையத்தின் பேச்சொலியும் கைப்பேசியின் பேச்சொலியும் சமமாகக் கேட்கின்றனவா என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கைப்பேசியில் குறைவாகவும் வானொலியில் மிகுதியாகவும் வைத்துக் கேட்டால், பாட்டோடு சேர்ந்து கம்பியில் ஏறிய இரைச்சலும் பெருக்கப்படும்.

இந்தக் கைவேலைக்கு ஓர் எல்லை உண்டு. அது 2001ஆம் ஆண்டிலேயே தோன்றத் தொடங்கியது. அவ்வாண்டின் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில், வானொலி, குறுந்தட்டு மாற்றி, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றை இணைத்தது செம்புக்கம்பி அல்ல, ‘மோஸ்ட்’ என்னும் முறையில் ஒளித்துடிப்புகளாக எண்ணியல் ஒலியைக் கடத்தும் பிளாஸ்டிக் ஒளியிழை. நொடிக்கு ஏறத்தாழ 25 மில்லியன் பிட்டுகள் ஓடும் அந்த வளையத்தில் மின்தேக்கியோடும் ஷீல்டு கம்பியோடும் ஒருவர் நுழைய இடமே இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் அடையாளத்தைச் சொல்லி வளையத்தில் பதிவு செய்துகொண்டால்தான் அதன் ஒலி ஏற்கப்படும். விலையுயர்ந்த கார்களில் தொடங்கிய இம்முறை அடுத்த சில ஆண்டுகளில் பிற ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களுக்கும் பரவியது. அத்தகைய கார்களில் துணை உள்ளீடு வேண்டியவர், வளையத்தின் மொழியை அறிந்த தனிப் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கத்தான் வேண்டும். அப்பெட்டிகள் உருவான விதமும், ஒளியிழை வளையத்தின் ஓர் இணைப்பு அறுந்தால் காரின் ஒலியமைப்பு முழுவதும் ஊமையாகும் காரணமும் அடுத்த பகுதியில் விளக்கப்படும்.